தரையை விட்டு எழும்பாத விமானம்

விமானம் ஓடுபாதையில் சீறிப் பாய்கிறது. இனி பிரேக் போட்டாலும் பாதை முடிவதற்குள் நிற்காது என்ற வேகத்தைத் தாண்டியதுமே ஓர் எஞ்சின் செயலிழக்கிறது. மூக்கு அந்தப் பக்கமாக இழுக்கிறது. எதிர்ப்பக்க ரடர் பெடலை மிதித்து நேராக்கி, மிச்சமிருக்கும் எஞ்சினை நம்பி மேலேற வேண்டும். பயணிகள் விமானம் ஓட்டும் விமானிகள் இந்த ஆபத்தைத் திரும்பத் திரும்பச் சந்தித்துத் தேர்ந்தவர்கள். ஆனால் நிஜ விமானத்தில் ஒருமுறைகூட இதைப் பார்க்காமலேயே பலரும் ஓய்வு பெறுகிறார்கள்.

சந்தித்ததெல்லாம் சிமுலேட்டருக்குள். ஆறு நீளமான கால்கள்மேல் நிற்கும் பெரிய பெட்டி அது. உள்ளே அசல் விமானி அறை, ஒரு ஸ்விட்ச்கூட இடம் மாறாமல் இருக்கும். பின்னால் பயிற்றுநர் அமர்ந்திருப்பார். எஞ்சினுக்குள் பறவை, ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவு, இறங்கும் நேரத்தில் மூடுபனி என அவர் திரையில் எதைத் தொடுகிறாரோ அது நடக்கும்.

அந்தக் கால்கள் நீண்டு சுருங்கினாலும் பெட்டி சில அடி தூரம்தான் நகரும். ஆனாலும் விமானம் கிளம்பும்போது முதுகு இருக்கையில் அழுந்துகிறது. இங்கேதான் பொறியாளர்களின் சாமர்த்தியம். நாம் முன்னோக்கி வேகமெடுக்கிறோமா, பின்பக்கம் சாய்ந்திருக்கிறோமா என்று உள்காதால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் பெட்டியை மெதுவாகப் பின்னால் சாய்க்கிறார்கள். முதுகை அழுத்துவது புவியீர்ப்பு விசை. கண்ணெதிரே ஓடுபாதை விரைந்து வருவதால், வேகமெடுக்கிறோம் என்றே மூளை முடிவு கட்டுகிறது. பிறகு காது கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நிதானமாகப் பெட்டியை நிமிர்த்திவிடுகிறார்கள்.

இதன் முன்னோடி பிறந்தது ஆர்கன் வாத்தியம் செய்யும் ஓர் ஆலையில். அமெரிக்காவின் பிங்கம்டன் நகரில் தந்தையின் ஆலையில் வேலை பார்த்த எட்வின் லிங்க், வாத்தியத்துக்கான காற்றுத் துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டே 1929-இல் ஒரு குட்டி விமானத்தை அசைய வைத்தார். முதலில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் விரும்பி வாங்கின. 1934-இல் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பு ராணுவத்திடம் வந்தது. மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத விமானிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்கிடம் ஆறு பெட்டிகளை வாங்கியது.

இயந்திரம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், என்ன நேரக்கூடும் என்று யோசித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். நிலவுப் பயணத்துக்குச் சில நாட்கள் முன்பு, 1969 ஜூலைத் தொடக்கத்தில், ஹூஸ்டனில் ஒத்திகை நடந்தது. ஒத்திகைக் குழுத் தலைவர் ரிச்சர்ட் கூஸ், தரையிறங்கும் கட்டத்தில் கணினி எச்சரிக்கை ஒன்றை நுழைத்தார். அதற்கு என்ன பொருள் என்று கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் சட்டெனப் பிடிபடவில்லை. கலத்தின் வழிகாட்டுக் கணினியைக் கவனித்துவந்த ஸ்டீவ் பேல்ஸ் தரையிறக்கத்தைக் கைவிடச் சொன்னார். கைவிட வேண்டிய அவசியமே இல்லை என்று பின்னர் தெரிந்தது. உடனே கட்டுப்பாட்டு அறையை வழிநடத்திய ஜீன் கிரான்ஸ், எல்லா எச்சரிக்கை எண்களையும் அலசச் சொன்னார்; இளம் பொறியாளர் ஜாக் கார்மன் கைப்படப் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார்.

ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவை நெருங்கும்போது 1202 என்ற எண் ஒளிர்ந்தது. கணினிக்கு வேலைப்பளு மிஞ்சிவிட்டது. ஆனால் அது முக்கியமில்லாத வேலைகளை உதறிவிட்டு அவசியமானதைத் தொடரும்படி அமைக்கப்பட்டிருந்தது. கார்மனின் பட்டியல் அதைத்தான் சொன்னது. இம்முறை பேல்ஸ் இறங்கலாம் என்றார். கூஸின் அந்தக் குறும்பு இல்லாதிருந்தால் அன்றைக்கே நிலவில் கால் பதிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

யாரும் யோசித்து வைக்காத ஆபத்தைச் சிமுலேட்டர் தானாகக் கற்றுத் தராது. போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் ஒரே ஒரு உணர்கருவி பிழையான தகவல் தந்தாலும் மென்பொருள் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளக்கூடியதாக இருந்தது. பழைய 737 ஓட்டியவர்கள் இதற்கு மாறும்போது சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமாக இல்லை. கணினிப் பாடமே போதும் என்று விட்டுவிட்டார்கள். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் நடந்த விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். 2020 நவம்பரில் அமெரிக்க விமானத்துறை அந்த விமானத்தை மீண்டும் பறக்க அனுமதித்தபோது விதித்த நிபந்தனைகளில் ஒன்று, விமானிகள் சிமுலேட்டரில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது.