ஒருவனும் நூற்றுவரும்

தனியொருவன் ஒரு படையை எதிர்த்து நிற்கும் கதைக்குத் தமிழில் என்றுமே கேட்போர் குறைந்ததில்லை. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்கள் அதற்கெனப் ‘படைப்போர்’ என்னும் தனி இலக்கிய வகையே கண்டனர். வரிசை முகியித்தீன் புலவர் 1686இல் பாடிய ‘சக்கூன் படைப்போர்’, அசன் அலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’ ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. சிலர் பலரோடு பொருவதும், போருக்குமேல் போர் அடுக்கி வருவதும், கேட்பவர் மூச்சை அடக்கிக் காத்திருப்பதும் அக்கதைகளின் இயல்பு. இன்றைய விறுவிறுப்புப் புதினமும் திரைச்சண்டையும் தருவது அதே சுவையைத்தான்.

அச்சுவையில் தோய்ந்தவர் உள்ளத்தில் கதை முடிந்தபின் ஒரு வினா எழும்: ஒருவன் நூறு பேரை வெல்வது நடக்கக்கூடியதா? நடக்காது என்று கைவிரிப்பதும், வீரத்தால் ஆகும் என்று தலையாட்டுவதும் எளிது. எண்ணிப் பார்ப்பதே அறிவியலின் வழி.

எண்ணிப் பார்க்க இலங்கையின் அம்பாறைக் கரையோரம் ஏற்ற இடம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோடு ஒட்டி நீளும் இவ்வூர்களின் முஸ்லிம் மக்களிடையே சீனடி, சிலம்படி என்னும் கம்பு சுழற்றும் போர்க்கலை வழிவழியாகப் பயிலப்பட்டு வந்துள்ளது. இதே கரையிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். பழந்தமிழர் யாழின் நரம்புகளைக் கணக்கால் ஆராய்ந்து அவர் படைத்த ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. கலையை அளந்து பார்ப்பது கலைக்கு இழுக்காகாது என்பதை இம்மண் அன்றே கண்டுகொண்டது. அவர் நரம்புக்குச் செய்ததை நாம் கம்புக்குச் செய்து பார்ப்போம்.

முதலில் எண்ணிக்கையின் இயல்பை அறிய வேண்டும். விடிகாலையில் கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். நாற்பது பேர் கயிற்றைப் பிடித்தால் நாற்பது பேரின் வலுவும் ஒரே கயிற்றில் வந்து சேரும். பின்னால் நிற்பவனும் முன்னால் நிற்பவனுக்கு நிகராக இழுக்கிறான். சண்டை அப்படிப்பட்டதன்று. நாற்பது பேர் ஒருவனைச் சூழ்ந்தாலும், அவனை எட்டித் தொடக்கூடியவர் மிகச் சிலரே. எஞ்சியோர் தம் முறைக்குக் காத்து நிற்பவர்கள். எனவே எத்தனை பேர் வந்தனர் என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை பேர் தாக்க முடியும் என்பதே போரின் உண்மையான எண்.

இவ்வுண்மையைக் கணித வடிவில் வகுத்தவருள் ஒருவர் ஆங்கிலேயப் பொறியியலாளர் பிரெடரிக் லாஞ்செஸ்டர். மோட்டார் வண்டிகள் உருவாக்கிய அவர், முதல் உலகப் போரின்போது வான்படை பற்றி எழுதி 1916இல் நூலாக வெளியிட்ட ஆய்வில் இரண்டு விதிகளைக் கூறினார். கைகலந்து ஒருவனோடு ஒருவன் மோதும் போரில் படையின் வலிமை அதன் எண்ணிக்கைக்கு நேராக வளரும், இது நேர்விதி. துப்பாக்கி போன்ற தொலைக் கருவிகளால் எல்லாரும் எல்லாரையும் தாக்க முடிந்த போரிலோ, வலிமை எண்ணிக்கையின் இருபடியாக வளரும்; அதாவது எண்ணிக்கையை அதே எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்; இது இருபடி விதி.

வேறுபாட்டை ஒரு சிறு கணக்கு காட்டும். திறமையில் ஒத்த ஐவரும் மூவரும் பொருகின்றனர் என்று கொள்வோம். ஒற்றைக்கு ஒற்றையாக மோதினால், மூவரும் வீழும்போது எதிர்ப்பக்கத்தில் எஞ்சுவோர் இருவர். எல்லாரும் ஒருங்கே தாக்கினால் கணக்கு மாறுகிறது. ஐந்தின் இருபடி 25, மூன்றின் இருபடி 9, கழித்தால் 16, அதன் வர்க்கமூலம் 4. மூவரையும் அழித்த பின் நால்வர் எஞ்சி நிற்பர். ஆள் அதே ஆள், கருவி அதே கருவி. தாக்கும் முறை மாறியதும் சிறுபக்கம் ஏறத்தாழ வீணே மடிகிறது. ஒருவன் பத்துப் பேரைச் சரிநிகராக எதிர்க்க நேர்விதியின்படி அவன் பத்து மடங்கு வல்லவனாக இருந்தால் போதும். இருபடி விதியின்படி நூறு மடங்கு வல்லவனாக வேண்டும். ஆதலால் தனியனின் முதற்கலை, எதிரியை இருபடி விதியிலிருந்து நேர்விதிக்கு இழுத்துவருவதே.

வரலாறும் இதற்குச் சான்றளிக்கிறது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் பாடிய பத்ருப் போர் கி.பி. 624இல் நிகழ்ந்தது. ஒருபுறம் நபிகளாரின் படையினர் 313 பேர், மறுபுறம் மக்காவிலிருந்து வந்தோர் ஏறத்தாழ 1,000 பேர் என்று மரபு கூறும். இருபடி விதியின்படி சிறுபடையினர் ஒவ்வொருவரும் பத்து மடங்கு வல்லவராக இருந்திருக்க வேண்டும். நேர்விதியின்படி மூன்று மடங்குக்குச் சற்று மேல் போதும். சிறுபடையின் வெற்றி இறையருளால் வந்தது என்பது நம்பிக்கையாளர் நிலை. அறிவியல் அவ்வெல்லைக்குள் புகாது. அன்று சிறுபடை வரிசை வரிசையாக அணிவகுத்து நின்றது என்ற செய்தியை மட்டும் அது குறித்துக்கொள்ளும். வரிசையில் நிற்பவனுக்கு இருபக்கமும் தோழரால் காக்கப்படுகின்றன. எதிரே நிற்பவன் மட்டுமே அவனுக்கு எதிரி. மூன்றாண்டுகளின் பின், 627இல், சல்மான் பாரிசி (ரலி) அவர்களின் அறிவுரைப்படி மதீனாவைக் காக்க அகழ் வெட்டப்பட்டது. 10,000 பேர் வந்தும், அகழைத் தாண்டி மோத முடிந்தவர் மிகச் சிலரே. மண்ணைத் தோண்டியவர்கள் எண்ணிக்கையின் பல்லைப் பிடுங்கிவிட்டனர்.

அகழும் தோழரும் இல்லாத தனியனுக்குத் துணை அவன் கைக்கம்பு. அவனுடைய கையும் கம்பும் சேர்ந்து 2 மீற்றர் எட்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்தின் சுற்றளவு 12.6 மீற்றர். தன் கம்பை வீசி அடிக்க ஒவ்வொரு எதிரிக்கும் 2 மீற்றர் அகலமேனும் வேண்டும். எனவே நூறு பேர் வந்தாலும் வட்டத்தின் விளிம்பில் நிற்கக்கூடியவர் அறுவர். அவன் ஒரு சுவரோடு முதுகைச் சாய்த்தால் மூவர். இரு வளவு வேலிகளுக்கு இடைப்பட்ட ஒழுங்கைக்குள் புகுந்தால் ஒருவர். அவன் நில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தால், சூழ நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராய் நீண்டு, தம் ஆளே தம் வழியை மறைக்கும் நிலைக்கு வருவர். சீனடிக்காரன் கம்பைத் தொடுமுன் காலடி வைக்கப் பழகுவதன் பொருள் இதுவே.

இனிக் கம்பின் இயக்கத்தைக் காண்போம். சுழலும் பொருள் தன் சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் இயல்பைச் சடத்துவத் திருப்பம் என்பர். ஒரே சீரான கம்பை நுனியில் பிடித்துச் சுழற்றினால் இவ்வெதிர்ப்பு, நடுவில் பிடித்துச் சுழற்றுவதைப்போல் சரியாக நான்கு மடங்கு. ஆகவே நடுப்பிடி விரைந்து திசைமாற்ற உதவும். அது காப்புக்கு உரியது. நுனிப்பிடி தொலைவை எட்டும். அது தாக்குதலுக்கு உரியது. தேர்ந்தவன் கை இவ்விரண்டுக்கும் இடையே வழுக்கிக்கொண்டே இருக்கும். 1.6 மீற்றர் நீளக் கம்பு நடுப்பிடியில் நொடிக்கு மூன்று முறை சுழன்றால், அதன் நுனி நொடிக்கு 15 மீற்றர் விரைவில் பாயும்; மணிக்கு 54 கிலோமீற்றர். கல்முனைத் தெருவில் ஓடும் பேருந்தின் விரைவு, ஒரு விரல் தடிப்பில்.

அவ்விரைவு கண்ணுக்குச் சவாலானது. அப்படி வரும் நுனி 2 மீற்றரைக் கடக்க 0.13 நொடியே ஆகும். கண்டதற்கு மனிதன் கை அசைக்கவோ ஏறத்தாழ 0.2 நொடி வேண்டும். ஆகவே கம்பைப் பார்த்துத் தடுக்க முனைபவன் அடிபட்ட பின்னரே தடுப்பான். பழகியவன் பார்வை எதிரியின் தோளிலும் இடுப்பிலும் தங்கியிருக்கும். கம்பு புறப்படுமுன் தோள் புறப்பட்டுவிடும். மேலும், எத்திசையிலிருந்து அடி வரும் என்ற ஐயம் கூடக் கூட, முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்பதை ஹிக் என்பவர் 1952இல் அளந்து காட்டினார். வாய்ப்புகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் நேரம் ஒரு சமபடி ஏறும். எட்டுத் திசை என்றால் மூன்று படி. திசைகளைக் குறைத்துக்கொள்பவன் நேரத்தையும் மீட்டுக்கொள்கிறான்.

இவ்வளவும் தனியனுக்குச் சார்பானவை. கதைகள் மறைக்கும் உண்மை உடலினுள் இருக்கிறது. முழு விசையோடு பொரும்போது தசையில் உடனடியாகக் கிடைக்கும் ஆற்றல் இருப்பு ஏறத்தாழ 10 நொடியில் தீர்ந்துபோகும். பிறகு உயிர்வளியின்றிச் சர்க்கரையைச் சிதைத்துத் தசை இயங்கும். அதுவும் ஓரிரு நிமிடங்களில் தளர்ந்துவிடும். ஒவ்வோர் எதிரிக்கும் வெறும் 5 நொடி என்றாலும், நூறு பேருக்கு 500 நொடி வேண்டும். எட்டு நிமிடத்துக்கு மேல். அவ்வளவு நேரம் முழு விசையோடு பொரும் உடல் மனித இனத்தில் இல்லை. மூவரையோ நால்வரையோ ஒருவன் வெல்வது கணக்குக்கு உட்பட்டது. நூறு பேரை வெல்வது புலவன் கொடை.

ஆயினும் புலவன் பொய்யன் அல்லன். ஒரு வீச்சைப் பல பாட்டால் விரித்துரைக்கும் அவன் பழக்கத்துக்கும் ஓர் அடிப்படை உண்டு. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஈகிள்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தன்விருப்பாக வந்தோரை 31 மீற்றர் உயரத்திலிருந்து வலைமீது விழச் செய்தனர். தாம் விழுந்த நேரத்தை அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டி மதிப்பிட்டனர். ஆனால் கையிற் கட்டிய கருவியில் விரைந்து மின்னிய எண்களை, விழும்போதும் அவர்களால் படிக்க முடியவில்லை. காலம் மெதுவாகவில்லை, அச்சத்தில் நினைவு செறிவாகப் பதிகிறது, பின்னர் நினைக்கையில் அது நீண்டு தோன்றுகிறது. போர்க்களத்திலிருந்து மீண்டவன் நினைவில் ஒரு நொடி எவ்வளவு நீண்டதோ, அவ்வளவு நீளத்தில் படைப்போர் அதைப் பாடுகிறது.

ஆகவே தீர்ப்பு இதுதான்: கதை எண்ணிக்கையில் மிகைப்படுத்தலாம்; ஆனால் இடம், அடிவைப்பு, காலம் ஆகியவற்றில் பிழை செய்தால் கேட்பவன் நம்பமாட்டான். ஏனெனில் அக்கணக்கு அவன் உடலுக்கே தெரியும்.

அக்கணக்கைத் தம் உடலில் ஏந்திய முதியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. நொடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசி இளைஞர் சட்டைப்பையில் இருக்கிறது. நம் கணக்கிலுள்ள கம்பின் நுனி அப்படங்களில் ஒன்றுக்கு ஒன்று 6 சென்ரிமீற்றர் நகர்ந்து தெரியும். மாணவர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்ச் சீனடிக்காரரின் முற்றத்துக்குச் செல்லுங்கள். படமெடுங்கள், அளவெடுங்கள், எழுதிவையுங்கள்.