தொட்டி மட்டக் கருவி: வாங்குமுன் அறிய வேண்டிய சொற்கள்

முல்லைப் பெரியாறு அணைக்கு 142 அடி, வைகை அணைக்கு 71 அடி என்ற கணக்கு தேனி மாவட்ட விவசாயிகளுக்கு மனப்பாடம். ஆனால் சொந்தத் தோட்டத்துத் தொட்டியில் எத்தனை அடி நீர் இருக்கிறது என்பதை ஏணி வைத்து ஏறித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பகுதிகளில் கிணற்று நீரைத் தொட்டியில் ஏற்றித் திராட்சைக்குச் சொட்டு நீராகப் பாய்ச்சுவோர், தொட்டி வழிந்தால் நீரையும் கிணறு வற்றினால் மோட்டார் காயிலையும் சேர்த்து இழக்க நேரிடும். இதைத் தவிர்க்க விற்கப்படும் கருவிகளில் ஒருவகை ‘கெப்பாசிடன்ஸ்’ முறையில் இயங்குவது.

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. ‘கெப்பாசிட்டி’ என்பது தொட்டியின் கொள்ளளவு, லிட்டரில் சொல்வது. ‘கெப்பாசிடன்ஸ்’ என்பது மின்தேக்குத்திறன். மின்விசிறியில் இருக்கும் கண்டன்சர் செய்யும் வேலைதான் இது. இரு உலோகத் தகடுகளை அருகருகே நிறுத்தினால் மின்னூட்டம் தேங்கும். எவ்வளவு தேங்கும் என்பது தகட்டின் பரப்பையும், இடைவெளியையும், நடுவே உள்ள பொருளையும் பொறுத்தது. அப்பொருளின் தன்மையைக் காட்டும் எண் ‘மின்காப்பு மாறிலி’. காற்றுக்கு 1, டீசலுக்கு ஏறத்தாழ 2, நீருக்கு ஏறத்தாழ 80.

தொட்டிக்குள் தொங்கவிடும் ‘புரோப்’ என்னும் உணர்கம்பி ஒரு தகடு. இரும்புத் தொட்டியானால் அதன் சுவரே மறு தகடு. டீசல் ஏற ஏறக் காற்று இருந்த இடத்தில் எண்ணெய் நிரம்பி, மின்தேக்குத்திறன் கூடும். கிணற்று நீரோ மின்சாரத்தைக் கடத்துவது. ஆகவே நீருக்கு வைக்கும் கம்பி டெப்லான் உறை போட்டதாக இருக்க வேண்டும். அப்போது உறையே நடுப்பொருளாகவும், நீரே மறு தகடாகவும் ஆகிவிடுகின்றன. பிளாஸ்டிக் தொட்டியின் சுவர் தகடாக உதவாது. சிமெண்ட் சுவரையும் நம்ப முடியாது. இரண்டாவது கம்பி ஒன்றோ, கம்பியைச் சுற்றிய உலோகக் குழாயோ தேவை. சிறு விவசாயிகளிடம் இருப்பவை பெரும்பாலும் இத்தொட்டிகளே என்பதால், விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

‘பாயிண்ட் லெவல்’ என்றால் நீர் குறிப்பிட்ட இடத்தைத் தொட்டதா இல்லையா என்று மட்டும் சொல்வது. ‘கன்டினியுவஸ்’ என்றால் அடிமுதல் நுனிவரை எவ்வளவு என்று காட்டுவது. விலையும் அதற்கேற்ப அதிகம். மோட்டாரை ஓட்டி நிறுத்த முதல் வகையே போதும். வெறும் தொட்டிக்கு ‘ஜீரோ’, நிறைதொட்டிக்கு ‘ஸ்பான்’ என இரு முனைகளையும் பொருத்தித் தரச் சொல்ல வேண்டும். படுக்க வைத்த உருளை டீசல் தொட்டியில் கால் உயரம் காட்டினால் உள்ளே கால் பங்கு இல்லை. சுமார் ஐந்தில் ஒரு பங்குதான்.

‘டிபரன்ஷியல்’ என்பது மோட்டார் ஓடத் தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் உள்ள இடைவெளி. பத்தடித் தொட்டியில் 3 அடியில் ஓடி 9 அடியில் நின்றால் 6 அடி. இதை ஓரிரு அங்குலமாகக் குறைத்துவிட்டால் நீர் அலையும் போதெல்லாம் ஸ்டார்ட்டர் விழுந்து எழும். கான்டாக்டர் முனைகள் கருகிவிடும்.

உரம் கரைக்கும் தொட்டியில் கம்பி மேல் உப்பும் பாசியும் படியும். நீர் இறங்கிய பிறகும் ஈரப் படிவு ஒட்டியிருந்து, தொட்டி நிறைந்திருப்பதாகக் காட்டும். அவ்வப்போது துணியால் துடைக்க வேண்டும்; உறையைக் கத்தியால் சுரண்டக் கூடாது. நல்ல நீர்த் தொட்டிக்கோ மிதவை சுவிட்சே மலிவு, அதுவே போதும்.

இன்னொன்று: தொட்டியில் வைத்த கருவிக்குக் கிணறு வற்றியது தெரியாது. கிணற்றுக்குத் தனி உணர்கம்பி வேண்டும். ஆழ்குழாய்க் கிணறானால், மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறைவதைக் கண்டு நிறுத்தும் ‘டிரை ரன்’ பாதுகாப்பு உள்ள பலகை நலம். ஒயர் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி இணைப்பு உள்ளதா என்பதை, பொருத்தும் நாளிலேயே ஒயரைக் கழற்றிச் சோதித்துக் காட்டச் சொல்லலாம்.