ஏழு புட்டியில் எது வேலை செய்கிறது?

ஜப்பானிய முகப் பராமரிப்பில் பூச்சு பின்னால்தான் வரும், முதலில் துடைப்பு. எண்ணெய் தடவி மேக்கப்பையும் சன்ஸ்கிரீனையும் கரைத்தெடுத்து, நுரை போட்டுக் கழுவுகிறார்கள். பிறகு தண்ணீராய் ஓடும் லோஷன், சீரம், எமல்ஷன், கிரீம். பகலானால் அதற்கும் மேல் சன்ஸ்கிரீன். டோக்கியோவின் கின்சாவில் 1872இல் மருந்துக் கடையாகப் பிறந்த ஷிசெய்டோ, யூடெர்மின் என்ற சிவப்பு லோஷனை 1897லேயே விற்றது.

முதல் வார மினுமினுப்பு

பூசிய சில நாளிலேயே முகம் பளபளக்கும், கண்ணோரக் கோடுகள் மங்கும். கிளிசரினும் ஹையலுரானிக் அமிலமும் தோலில் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் வரும் பலன் அது. பூசுவதை நிறுத்தினால் அதுவும் போய்விடும். இந்த வேலைக்கு விலையுயர்ந்த புட்டி தேவையே இல்லை. மலிவான லோஷனிலும் கிளிசரின் கிளிசரின்தான்.

சட்டம் விட்டுவைத்த வாக்கியம்

அழகுப் பொருளுக்கும் மருந்துக்கும் நடுவே ஜப்பானியச் சட்டம் ஒரு தனி வகையை வைத்திருக்கிறது. அரசு ஏற்ற வேதிப்பொருள், ஏற்ற அளவில் இருந்தால்தான் அதில் இடம். அப்போதும் ‘மெலனின் உருவாவதைக் கட்டுப்படுத்தி, வெயிலால் வரும் கரும்புள்ளிகளைத் தடுக்கும்’ என்ற அளவுக்குத்தான் விளம்பரம் செய்யலாம். பிறவி நிறத்தை மாற்றும் என்ற பேச்சு அதில் இல்லை. ‘பிரைட்டனிங்’ என்று கேட்டு வாங்குபவர்கள் பலர் எதிர்பார்ப்பதோ வேறு!

அப்படி ஏற்கப்பட்டவற்றில் அர்புடின் ஒன்று, டிரானெக்ஸாமிக் அமிலம் இன்னொன்று. பின்னது ஷோசுகே, உடாகோ ஒகமோட்டோ என்ற ஆய்வாளர் தம்பதி 1962இல் இரத்தப்போக்கை நிறுத்தக் கண்டறிந்த மருந்து. பிரசவ இரத்தப்போக்குக்கு இன்றும் பயன்படுகிறது. பின்னாளில், முகத்தில் கருமையாகப் படரும் மங்குக்கும் அது உதவுவது தெரிந்தது. ஆனால், மாத்திரையாக விழுங்குவது வேறு விஷயம். இரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கு அது ஆகாது. மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

சுருக்கத்தைக் ‘குறைக்கும்’ என்று சொல்லும் உரிமையை முதலில் பெற்றது போலா நிறுவனம். 2017இல் வந்த அதன் 20 கிராம் டியூப் 10,000 யென்னைத் தாண்டியது. அதே ஆண்டில் ஷிசெய்டோ ரெட்டினாலுக்கும் அந்த அனுமதி வாங்கியது. ரெட்டினால் தொடக்கத்தில் தோலை உரிக்கும், எரிக்கும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

வெள்ளைத் திட்டுகள்

2013 ஜூலையில் கானெபோ நிறுவனம் 54 பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. ரோடோடெனால் கலந்த அந்தப் பொருட்களைப் பூசியவர்களின் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெண்திட்டுகள் தோன்றின. பாதிக்கப்பட்டவர்கள் 19,000க்கும் மேல். மெலனின் உருவாக்கும் நொதியே ரோடோடெனாலை நச்சுப்பொருளாக மாற்ற, அது நிறமி செல்களைத் தாக்கியது. பூசுவதை நிறுத்தியதும் பலருக்கு நிறம் திரும்பியது; சிலருக்குத் திரும்பவில்லை. ரோடோடெனாலும் அரசு ஏற்ற வேதிப்பொருள்தான்.

ஆகவே, விலையோ நாட்டின் பெயரோ காப்புறுதி ஆகாது. புதிய பொருளை முதலில் முன்கையின் உள்பக்கம் சில நாட்கள் தடவிப் பார்க்கலாம். ஒரே நாளில் நான்கு புட்டியைத் திறந்தால், அரிப்பு வரும்போது எதனால் வந்தது என்றே தெரியாது. வெண்திட்டு தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, புட்டியோடு தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வரிசையின் கடைசிப் பொருள்

ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நான்கரை ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. தோன்றியபோது மட்டும் சன்ஸ்கிரீன் பூசியவர்களைவிட, தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. 2013இல் வெளிவந்த இந்த முடிவுக்கு இணையான சான்று, பெரும்பாலான சீரங்களிடம் இல்லை.

புட்டியில் எஸ்.பி.எஃப். எண்ணோடு ‘பி.ஏ.’ என்றும் பார்க்க வேண்டும். சுருக்கத்துக்குப் பெரிதும் காரணமான யு.வி.ஏ. கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்ட ஜப்பானில் உருவான குறியீடு அது. நான்கு கூட்டல் குறி உச்சம். அளவில் கஞ்சத்தனம் கூடாது: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். மாநிறத்தவருக்கு மங்கு இருந்தால், இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறச் சன்ஸ்கிரீன் மேல். மங்கைக் கருக்கவைக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நிறமற்ற வகை போதிய அளவு தடுப்பதில்லை.