ஒட்டாமல் இறங்கும் ஃபோர்க்

ட்ரையல்ஸ் என்ற மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் யாரும் யாரையும் முந்துவதில்லை. பாசி பிடித்த பாறை, ஓடை, மரவேர், வழுக்கும் ஏற்றம் என்று குறித்துவைத்த சிறு சிறு தடங்களைக் கால் தரையில் படாமல் கடக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி, தடத்தில் தோற்றால் 5. குறைந்த புள்ளி வாங்கியவரே வெற்றியாளர். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் மலைப்பகுதியில் ஆறு நாள் நடக்கும் போட்டிக்கு இந்த விளையாட்டில் தனி மரியாதை. இங்கிலாந்துக்காரரான மிக் ஆண்ட்ரூஸ் அதை ஐந்து முறை வென்றார். முதல் மூன்று வெற்றிகள் ஸ்பெயின் நாட்டு ஓசா வண்டியில். 1974, 1975ஆம் ஆண்டு வெற்றிகள் யமஹாவில். அவரைக் கூட வைத்துக்கொண்டு யமஹா உருவாக்கி விற்ற வண்டிதான் டிஒய் 250.

ஐம்பது வயதாகும் அந்த வண்டியை இன்றும் தேடிப்பிடித்து ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களில் பலரும் முதலில் பிரிப்பது முன்ஃபோர்க்கைத்தான். பிரிப்பது அரை நாள் வேலை. பூட்டும்போதுதான் இயற்பியல் வேலை செய்யத் தொடங்குகிறது.

நம் ஊரில் ஆர்எக்ஸ் 100 ஃபோர்க்கைப் பிரித்துப் பார்த்தவருக்கு உள்ளே இருப்பது எதுவும் புதிதல்ல. குரோம் பூசிய எஃகுக் குழாய் ஒன்று, அது ஏறி இறங்கக் கீழே ஓர் அலுமினியக் குழல், நடுவில் நீண்ட ஸ்பிரிங், அதற்கும் அடியில் பக்கவாட்டில் துளையிட்ட டேம்பர் ராடு, எல்லாவற்றையும் நனைத்தபடி எண்ணெய். இந்த எண்ணெயை உராய்வைக் குறைக்க ஊற்றுவதாகவே பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை அதுவல்ல. சக்கரம் கல்லில் ஏறும்போது ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றலை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அதை அப்படியே விட்டால் வண்டி பந்துபோல் எகிறும். எண்ணெய் வாங்கியதைத் திருப்பித் தராது. சிறு துளைகள் வழியாக நெருக்கியடித்துப் போகும்போது அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடுகிறது. அமுங்கும்போது பெரிய வழியும் விரியும்போது குறுகிய வழியும் அதற்குக் கிடைக்கும்படி துளைகளை அமைத்திருக்கிறார்கள்.

துளை வழியே பாயும் எண்ணெயின் தடை, ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. பாதியானால் கால் பங்கு. ட்ரையல்ஸ் வண்டி நடை வேகத்தில் ஊர்வது. பல நேரம் ஃபோர்க்கின் அசைவும் அதே நிதானத்தில்தான். அப்போது எண்ணெயின் அதிகாரம் குறைந்து, உராய்வின் கை ஓங்குகிறது. பீரோவை நகர்த்தியவர்களுக்குத் தெரியும், முதல் அசைவுக்குத்தான் அதிக பலம் வேண்டும். நகரத் தொடங்கிவிட்டால் எளிது. ஃபோர்க்கும் அப்படித்தான். எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் சீலின் ரப்பர் உதடு குழாயோடு ஒட்டி நிற்கும், சுமை கூடும், பிறகு திடீரென்று விடும். அந்த ஒரு நொடியில் டயர் பாறையை அழுத்தும் விசை எகிறித் தாழ்கிறது. ஈரப் பாசியில் அது போதும், சக்கரம் நழுவிக் கால் தரையில். இந்த ஃபோர்க்கைப் பூட்டுவதில் எடுக்கும் சிரத்தை எல்லாம் அந்த ஒட்டலை ஒழிக்கத்தான் என்பேன்.

அதனால் முதலில் குழாயைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பார்க்க வேண்டும். அடியில் வெளிச்சக் கீற்று கூடிக் குறைந்தால் குழாய் வளைந்திருக்கிறது. குரோமில் துருப்புள்ளி இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்க்கலாம். நகம் மாட்டும் இடத்தில் சீலும் கிழியும். டேம்பர் ராடைக் குழாய்க்குள் மேலிருந்து இறக்கி, கீழே நீட்டும் நுனியில் சிறு கூம்புத் துண்டைப் பொருத்தி, மொத்தத்தையும் அலுமினியக் குழலுக்குள் விட்டு, அடியிலிருந்து ஆலன் போல்ட்டால் முடுக்க வேண்டும். இங்கேதான் பலர் அலுத்துப்போவார்கள், போல்ட்டோடு ராடும் சேர்ந்து சுற்றும். கூராகச் சீவிய துடைப்பக் கம்பை மேலிருந்து ராடின் வாயில் அழுத்திப் பிடித்தால் சுற்றாது. போல்ட்டுக்கு அடியில் வரும் செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். நான் முதன்முதலில் ஒரு ஃபோர்க்கைப் பூட்டியபோது பழையதையே போட்டேன். மறுநாள் காலை தரையில் எண்ணெய் வட்டம்.

அடுத்தது சீல். குழாயின் மேல் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, எண்ணெய் தடவி, அதன்மேல் சீலை வழுக்கி இறக்க வேண்டும். சுருள் கம்பி தெரியும் குழிந்த முகம் கீழே, எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். எண் பொறித்த தட்டை முகம் மேலே. சுத்தியலால் ஓரத்தில் தட்டினால் சீல் சாய்ந்து உட்காரும். முழு வட்டத்தையும் ஒரே சீராகத் தள்ளும் குழாய்த் துண்டு ஒன்று கையில் இருந்தால் கவலையில்லை. உதட்டில் கொஞ்சம் கிரீஸ். பிறகு சர்க்லிப், தூசி உறை.

எண்ணெயை ஊற்றியதும் ஸ்பிரிங் போடாமல், ஃபோர்க்கை முழுக்க அமுக்கி நிறுத்தி, மட்டத்தை அளக்க வேண்டும். அதற்கு முன் பலமுறை ஏற்றி இறக்கிக் குமிழிகளை வெளியேற்றியாக வேண்டும். மட்டம் எதற்கு என்றால், எண்ணெய்க்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். அதன் கன அளவு பாதியானால் அழுத்தம் இரட்டிக்கும் என்பது பாயிலின் விதி. குழாயின் உள்விட்டம் 28 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மில்லி எண்ணெய் கூடினாலே மட்டம் 16 மில்லிமீட்டர் ஏறும். ஃபோர்க்கின் ஒரு காலில் கூடி மறு காலில் குறைந்தால் இரண்டும் இரண்டு விதமாக எதிர்க்கும். டப்பாவில் 10டபிள்யூ என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்ப முடியாது. ஒரே எண்ணுள்ள இரு நிறுவனங்களின் ஃபோர்க் எண்ணெய்கள் பிசுபிசுப்பில் நன்றாகவே வேறுபடும். 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக் என்று பார்த்து வாங்குவதே சரி.

கடைசி வேலை மிகச் சின்னது, அதனாலேயே விட்டுப்போவது. சக்கரத்தை மாட்டி ஆக்ஸிலை முடுக்கியதும், அதைக் கவ்விப் பிடிக்கும் சிறு நட்டுகளை உடனே இறுக்கக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை ஐந்தாறு முறை அழுத்தி எழுப்ப வேண்டும். இரண்டு கால்களும் ஆக்ஸில்மேல் தாமாகவே நகர்ந்து இணையாகும். அதற்கு முன்பே இறுக்கிவிட்டால் கால்கள் உள்ளோ வெளியோ இழுபட்டு, குழாய் பக்கவாட்டில் உரசும். புதுச் சீல், அளந்த எண்ணெய் எதுவும் அதைச் சரிசெய்யாது.

நட்டுகளை இறுக்கியபின் உள்ளங்கையால் ஹேண்டில்பாரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதல் அசைவில் தயக்கம் தெரிந்தால் நட்டுகளைத் தளர்த்தி, மறுபடி அழுத்தி எழுப்ப வேண்டியதுதான்.