கொசுறுக் கடலையும் குழந்தையின் மூச்சும்



கல்லாவில் உட்கார்ந்தபடியே சாப்பிடுவது நம் தொழிலில் சகஜம். வாயில் கவளத்தை வைத்துக்கொண்டே விலை சொல்வோம். திடீரென்று புரை ஏறும். "யாரோ நினைக்கிறார்கள்" என்று தலையில் தட்டிக்கொண்டு வியாபாரத்தைப் பார்ப்போம். யாரும் நினைப்பதால் புரை ஏறுவதில்லை. மூச்சு போகும் வழியில் சோறு எட்டிப் பார்ப்பதால்தான் ஏறுகிறது.

நம் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அரக்கோணம் பாதையும் கூடூர் பாதையும் சந்திக்கும் ஜங்ஷன் அது. ஒரு வண்டி கடக்கும்வரை மற்றது சிக்னலுக்குக் காத்திருக்கும். நம் தொண்டையும் ஒரு ஜங்ஷன்தான். மூச்சுக்குழல் முன்னால், உணவுக்குழல் பின்னால். தொண்டை இரண்டுக்கும் பொது.

விழுங்கும்போது நாக்கு கவளத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அண்ணத்தின் மென்மையான பகுதி உயர்ந்து மூக்கு வழியை அடைக்கிறது. குரல்வளை மேலெழும்பி நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. கழுத்தில் விரல் வைத்து எச்சில் விழுங்கினால் தெரியும். அதன்மேல் இலை போன்ற மூடி கவிழ்கிறது. உள்ளே குரல் நாண்கள் கதவுபோல் சேர்ந்துகொள்கின்றன. சுமார் ஒரு வினாடி மூச்சே நிற்கிறது. கவளம் இறங்கியதும் பெரும்பாலும் மூச்சை வெளியே விட்டுத்தான் மறுபடி தொடங்குகிறோம். பேச்சுக்கும் சிரிப்புக்கும் காற்று ஓட வேண்டும். அந்த நேரத்தில் வாயில் உணவிருந்தால் தவறு நேரலாம். அப்போது கடைசிக் காவல் இருமல்.

சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் காவல் போதாது. கடலையை அரைக்கக் கடைவாய்ப் பல் சரியாக முளைத்திராது. மூச்சுக்குழலோ மிகவும் குறுகல். நம் நாட்டில் குழந்தைகளின் மூச்சுக்குழலிலிருந்து டாக்டர்கள் எடுக்கும் பொருள்களில் பெரும்பாலும் முதலிடம் வேர்க்கடலைக்குத்தான். உள்ளே போன கடலை ஊறிப் பெருக்கும். அதன் எண்ணெய் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. முதலில் பலத்த இருமல் வந்து அடங்கிவிடுவதால் வீட்டார் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். பிறகு இளைப்பு, சளி, காய்ச்சல் என்று வாரக்கணக்கில் மருந்து கொடுப்பார்கள். கடலையைக் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்த முறையில் முதன்முதலில், 1897இல், ஜெர்மனியின் டாக்டர் குஸ்தாவ் கில்லியன் ஒருவரின் மூச்சுக்குழலிலிருந்து எலும்புத் துண்டை எடுத்தார்.

இதில் நமக்கென்ன பங்கு என்று கேட்கலாம். கொசுறுதான். தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தை கையில் பிரியமாக நாலு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கற்கண்டு கொடுப்பது நம் வழக்கம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இனி இவை வேண்டாம், பிஸ்கட் கொடுப்போம். திறந்த மூட்டைகளைக் குழந்தையின் கை எட்டாத இடத்தில் வைப்போம். குழந்தைக்கென்று கடலை வாங்குபவரிடம் பொடித்துக் கொடுக்கச் சொல்வோம்.

கடையில் ஒருவருக்கு அடைத்துக்கொண்டால், இருமவோ பேசவோ முடிகிறவரை இருமவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணுக்குத் தெரியாததை எடுக்க வாயில் விரல் விடாதீர்கள். இரும முடியாமல் திணறினால், முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். போகவில்லையென்றால், பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியால் 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். இந்த அழுத்து முறையை 1974இல் அமெரிக்க டாக்டர் ஹைம்லிக் வெளியிட்டார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் வயிற்றை அழுத்தக் கூடாது. கையில் தலைகீழாகச் சாய்த்து முதுகில் 5 தட்டு, பிறகு திருப்பி நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. அடைப்பு விலகும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். இன்னொருவர் உடனே 108க்குப் போன் செய்யட்டும். நமக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. இருமல் அடங்கிவிட்டாலும் கடலை தின்ற குழந்தையை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுக்குமாறு உறுப்பினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். கூடவே, சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் கல்லாவை விட்டு எழுந்திருங்கள். வியாபாரம் எங்கும் போய்விடாது.