ஷாம்புவுக்குள் ஒரு கட்டளை

தலைக்குக் குளிக்கும் நாளில் ஷாம்பு பாக்கெட்டின் மூலையைக் கிழிக்கிறோமே, அந்தப் பெயர் பிறக்கும்போது ஓர் ஏவல் வினை. இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அமுக்குவது, பிசைவது. அதன் ஏவல் வடிவம் 'சாம்ப்போ'. நம் வழக்கில் சொன்னால், 'பிடித்துவிடு'. நுரைக்கும் தலைமுடிக்கும் அந்தச் சொல்லில் அன்று இடமே இல்லை. 1762-இல் ஆங்கில அச்சில் அது தலைகாட்டியபோதும், உடம்பு பிடித்துவிடுவதைத்தான் குறித்தது.

இந்தியில் அந்தச் சொல்லின் முதல் 'ஆ' மூக்கால் ஒலிப்பது. பேச்சில் 'மரம்' என்னும்போது கடைசி 'ம்' மூக்கொலியாகக் கரைகிறதே, அதுபோல. இப்படிப்பட்ட உயிரொலி ஆங்கிலத்தில் இல்லை. அடுத்து வரும் 'ப'வுக்காக உதடுகள் மூடும்போது, அந்த மூக்கொலி ஆங்கிலேயர் வாயில் முழு 'ம்' ஆகிவிட்டது.

சரி, வினையின் எத்தனையோ வடிவங்கள் இருக்க, ஏவல் மட்டும் ஏன் கப்பலேறியது? ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னெல்லும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இதற்குத் தடயம் இருக்கிறது. 'பிடிக்கச் செய்' என்னும் 'பக்டாவ்', 'செய்' என்னும் 'பனாவ்' என்று அன்றைய ஆங்கிலேயர் பேச்சில் புழங்கிய இந்தி வினைகள் பல ஏவல் வடிவிலேயே உள்ளன. ஆங்கிலத்துக்குப் போன நம் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் கண்ணால் கண்ட பொருள்களின் பெயர்கள். 'சாம்ப்போ'வோ எஜமானர் வேலையாளிடம் தினமும் சொன்ன சொல். யார் யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்பதையும் இலக்கணம் பதிந்து வைக்கிறது.

அந்த ஏவலை மதிப்புமிக்க தொழிலாக்கியவர் ஓர் இந்தியர். 1759-இல் பாட்னாவில் பிறந்த தீன் முகமது, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்துவிட்டு 1784-இல் அயர்லாந்து போனார். 1810-இல் லண்டனில் அவர் திறந்த இந்திய உணவகம் நொடித்துப்போனது. பிறகு பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியலகம் நடத்தினார். மூலிகை ஆவி நிறைந்த கம்பளித் துணிக் கூடாரத்துக்குள் நோயாளி உட்கார்ந்திருப்பார். துணியில் சட்டைக் கை போலத் தைத்த உறைகள் வழியே வெளியிலிருந்து கை நுழைத்து உடம்பைப் பிடித்துவிடுவார்கள். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என இரண்டு மன்னர்களுக்கு அவர் 'ஷாம்பூ' மருத்துவர்.

பிசைதல் எப்படிக் கழுவுதல் ஆனது? சோப்பு நீர் ஊற்றித் தலையை விரல்களால் அழுத்தித் தேய்ப்பதும் பிடித்துவிடுவதுதானே! 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பொருள் உடம்பிலிருந்து தலைக்கு ஏறியது. பின்பு செயலின் பெயர், அதற்கு ஊற்றும் திரவத்துக்கும் பெயரானது. ஆனால் பாக்கெட்டிலிருந்து ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. விரல் நுனிகள் மண்டைத் தோலை அழுத்திப் பிசைந்தால்தான் அழுக்கு விடும். அந்தப் பழைய வேலை இன்னும் நம் விரல்களில்தான் இருக்கிறது.