எழுத்துக் கூட்டினால் தங்கக் காசு!
கறிவேப்பிலையில் ஜெயித்த சிறுமி

ஆவடி லோக்கலில் தொங்கிக்கொண்டு போகும் அப்பாமார்களே! உங்கள் பையன் டிக்டேஷனில் பத்துக்கு இரண்டு வாங்கினால் என்ன செய்வீர்கள்? முதுகில் நாலு சாத்துவீர்கள். அமெரிக்காவில் பத்துக்குப் பத்து வாங்குகிற பிள்ளையை மேடையேற்றி, டெலிவிஷனில் காட்டுகிறார்கள். 2025-ல் முதல் பரிசு 50 ஆயிரம் டாலர்!

இந்தப் போட்டி 1925-ல் வாஷிங்டன் நகரில் தொடங்கியது. நடத்தியவை 9 பத்திரிகைகள். (நம்ம ஆளுங்க தொழில்தான்!) 11 வயது பிராங்க் நியூஹவுசர் "கிளாடியோலஸ்" என்ற பூவின் பெயரைச் சரியாகச் சொன்னான். அவனே வளர்த்த பூ அது. 500 டாலர் தங்கக் காசு பரிசு.

கறுப்புச் சிறுமிக்கு அநீதி

1936-ல் நடந்ததுதான் கொடுமை. ஆக்ரன் ஊரைச் சேர்ந்த 13 வயது கறுப்பினச் சிறுமி மெக்நோலியா காக்ஸ் போட்டிக்குப் புறப்பட்டாள். வழியில் அவளைக் கறுப்பர் ரயில் பெட்டிக்கு மாற்றினார்கள். மற்ற பிள்ளைகள் தங்கிய ஓட்டலில் இவளுக்கு இடமில்லை. விருந்தில் தனி மேஜை.

அத்தனையும் தாங்கிக்கொண்டு கடைசி 5 பேரில் ஒருத்தியாக நின்றாள். அப்போது "நெமிசிஸ்" என்று கேட்டார்கள். தவறிவிட்டாள். அது கிரேக்க தேவதையின் பெயர். பெயர்களைக் கேட்கக் கூடாது என்பது போட்டி விதி. கூட வந்த நிருபர் சண்டை போட்டுப் பார்த்தார். நடுவர்கள் மசியவில்லை.

வந்தான் நடராஜன்!

1985-ல் சிகாகோ பக்கத்துப் பையன் பாலு நடராஜன், 13 வயது, "மில்யூ" என்ற வார்த்தையில் ஜெயித்தான். எம்.ஐ.எல்.ஐ.இ.யு.! கோப்பை வாங்கிய முதல் இந்திய வம்சாவளிப் பிள்ளை அவன்தான்.

இந்தியாவில் வசதியில்லாத மாணவர்களைப் படிக்க வைக்க, ரத்தினம் சித்தூரி என்பவர் 1989-ல் "நார்த் சவுத் பவுண்டேஷன்" தொடங்கினார். 1993 முதல் அங்குள்ள நம் பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டியும் வைத்தார்கள். களம் கிடைத்தால் விடுவார்களா?

2019-ல் நடுவர்களிடம் கடினமான வார்த்தைகளே தீர்ந்துபோய், 8 பேருக்கு முதல் பரிசு. அதில் 7 பேர் இந்திய வம்சாவளி!

மெக்நோலியா தோற்று 85 வருஷம் கழித்து, 2021-ல், 14 வயது ஜைலா அவான்ட்-கார்ட் கோப்பையைத் தட்டினாள். இந்தப் போட்டியில் ஜெயித்த முதல் அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளை. அவளுக்கு வந்த கடைசி வார்த்தை "முர்ராயா". ஒரு செடி இனத்தின் பெயர். அம்பத்தூர் மார்க்கெட்டில் காய் வாங்கினால் கொசுறாகப் போடுகிறார்களே, அந்தக் கறிவேப்பிலைக்குத் தாவரவியல் புத்தகத்தில் எழுதியிருக்கிற பெயர் "முர்ராயா கொனிகி"!